பீடிக் கட்டில் எழுதாத சேதி

ஆண்டை எதிரில் வந்தால் எங்க நைனா பீடியை உள்ளங்கையிலேயே நசுக்கி அணைத்துவிடுவார். சூட்டுத் தழும்பு கடைசிவரைக்கும் இருந்தது. 1970களில் விழுப்புரம் பக்கத்துச் சேரிகளில் அதுதான் நடைமுறை. அதனாலயே, மீசை அரும்பினதும் நான் ஊர்த்தெரு டீக்கடை வாசலில் நின்று சிகரெட் பத்தவச்சேன். 'காலனிப் பையனுக்குத் திமிரப் பாத்தியா' என்றார்கள். எனக்கு அது விடுதலை மாதிரி இருந்தது.

அந்தப் புகைக்குள் சாவு இருக்கிற சேதியை யாருக்கு, எப்போது சொன்னார்கள் என்பதும் வரலாறுதான். லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளை விசாரித்த ரிச்சர்ட் டால், பிராட்போர்டு ஹில் இருவரும் 1950இல் புகைதான் முக்கியக் காரணம் என்று எழுதினார்கள். ஆய்வு முடியுமுன்பே டால் தன் சிகரெட்டை விட்டுவிட்டார். 1954 ஜனவரியில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரம் போட்டு, நிரூபணம் இல்லை என்று சாதித்தன.

இந்தியாவில் 1975ஆம் வருஷச் சட்டம் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. பீடியை விட்டுவிட்டது. பீடிக் கட்டில் எச்சரிக்கைப் படம் வந்தது 2009 மே மாதக் கடைசியில்தான். 34 வருஷம்! பேண்ட் போட்டவனுக்கு எச்சரிக்கை. கோவணம் கட்டி ஏர் ஓட்டினவனுக்கு ஒண்ணுமில்லை. பீடி என்ன சாதுவா? இலை சுருக்க அணைஞ்சிடும். அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்கணும். சிகரெட்டைவிட அதிகத் தாரும் கார்பன் மோனாக்சைடும் நெஞ்சுக்குள் போகும்.

நைனா 1996இல் செத்தார். டிபி என்றார்கள். அவர் குடித்த பீடியைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. 2003இல் லான்செட் இதழில் கஜலட்சுமி குழுவினரின் ஆய்வு வந்தது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் செத்துப்போன 43,000 ஆண்களைப் பற்றிய கணக்கு. டிபியால் செத்த ஆண்களில் பாதிப்பேர் சாவுக்குப் புகை காரணம் என்றது. எங்க பக்கத்துச் சாவுகள், எங்க நைனா செத்த காலம்.

படித்தபிறகு விடப் பார்த்தேன். கை பரபரத்தது, யாரைக் கண்டாலும் எரிச்சல். ரெண்டு தடவை தோற்றேன். மூணாவது தடவை நின்றது. பிரிட்டிஷ் டாக்டர்களை ஐம்பது வருஷம் பின்தொடர்ந்து டால் குழுவினர் 2004இல் கணக்குச் சொன்னார்கள்: விடாமல் பிடிப்பவர் சராசரியாகப் பத்து வருஷ ஆயுளை இழக்கிறார். முப்பது வயதில் விட்டால் ஏறக்குறைய அத்தனையும் மீளும். ஐம்பதில் விட்டால் ஆறு. அறுபதில் விட்டாலும் மூன்று வருஷம் மிச்சம்.

தோழர்களே, கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொன்று பத்தவைக்கிறோம். அன்னைக்கு ஊர்த்தெருவில் பத்தவச்சதுக்கு ஒரு அர்த்தம் இருந்தது. இன்னைக்கு அந்தக் காசு போவது இன்னொரு ஆண்டைக்கு. அடுத்த கூட்டம் முடிஞ்சா டீ மட்டும் போதும்.