ஒரே முகம்... ஆளுக்கொரு கத்தி!

காரவள்ளியில் ஏற ஆரம்பித்து, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, லேசான தலைசுற்றலோடு மேலே போய்ச் சேர்ந்தால் சோளக்காடு. அன்னாசி, பலா, மிளகு, மலைவாழை என்று சந்தை மணக்கும். கொல்லிமலைக்கு வருகிறவர்கள் அருவியில் குளிப்பார்கள், அறப்பளீஸ்வரரைக் கும்பிடுவார்கள். அப்படியே கொல்லிப்பாவை கதையையும் கேட்டுக்கொண்டு இறங்குவார்கள்.

கொல்லிப்பாவை தெரியுமில்லையா? சங்கப் பாடல்களில் வருகிற பெண் சிலை. காற்று, மழை, இடி, பூகம்பம் எது வந்தாலும் அவள் அழகு கெடாதாம். சிரித்தே ஆளைக் கொன்றுவிடுவாள் என்றும் சொல்வார்கள். இரண்டாயிரம் வருஷமாக முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது!

பாவைக்குச் சரி. நமக்கு? ஐம்பதைத் தாண்டினால் கன்னம் இறங்குகிறது. தாடையோரம் சதை தொங்குகிறது. இதைத் தூக்கி நிறுத்துகிற ஆபரேஷனுக்குத்தான் ஃபேஸ்லிஃப்ட் என்று பெயர். சினிமாக்காரர்கள் சமாசாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது போக, இன்றைக்கு நம் ஊர் பெரிய நகரங்களிலேயே செய்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரம். அதே முகத்தோடு நாலு டாக்டர்களைப் போய்ப் பாருங்கள். ஒருவர் தோலை இழுத்தால் போதும் என்பார். இன்னொருவர், தோலுக்குக் கீழே போகாமல் பிரயோஜனமில்லை என்பார். ஒருவர் பத்து நாளில் ஆபீஸ் போகலாம் என்பார், அடுத்தவர் ஒரு மாசம் வெளியே தலைகாட்டாதீர்கள் என்பார். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு இவ்வளவு குழப்பம் இல்லையே! இதில் மட்டும் ஏன் ஆளுக்கொரு வழி?

பதில் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். முகத்தில் கத்தி வைத்த கதை, அறுந்த மூக்கில்தான் ஆரம்பிக்கிறது.

1792. திப்பு சுல்தானுக்கும் கிழக்கிந்திய கம்பெனிக்கும் மூன்றாம் மைசூர் யுத்தம். அதன் முடிவில் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில்தான், கொல்லிமலையின் காலடியில் கிடக்கும் சேலம் சீமை திப்புவிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியது. அந்த யுத்தத்தில் கம்பெனிப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர் கவாஸ்ஜி. திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள்.

சுமார் ஒரு வருஷம் மூக்கில்லாமலே திரிந்தவருக்குப் புனே பக்கத்தில் ஒருவர் புது மூக்கு வைத்தார். செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர். அவர் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் என்ன செய்தார் என்பதைக் கம்பெனியின் இரண்டு டாக்டர்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' அதைப் படத்தோடு வெளியிட்டது.

மெழுகைத் தகடாகத் தட்டி மூக்கின் அளவு எடுத்தார். அதை நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலை உரித்தார். முழுசாக வெட்டி எடுக்கவில்லை. இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு சின்னத் தொடுப்பை விட்டுவைத்தார். ரத்தம் ஓடுகிற வாய்க்கால் அதுதான்! தோலைத் திருப்பி, மூக்கு இருந்த இடத்தில் பொருத்தி, வெற்றிலையோடு மெல்கிற காசுக்கட்டியைக் குழைத்துத் தடவிய துணியால் ஒட்டினார். நாலு நாள் கட்டைப் பிரிக்கவில்லை. ஐந்தாறு நாள் மல்லாக்கப் படுக்கை. பத்தாம் நாள், நாசித் துவாரம் மூடாமலிருக்கத் துணித் திரி. இருபத்தைந்தாம் நாள் வாக்கில் அந்தத் தொடுப்பை வெட்டிவிட்டார். மூக்கு ரெடி!

இதே மூக்கை சுஸ்ருதர் செய்திருந்தால்? அவருடைய நூல் கன்னத்துத் தோலை எடுக்கச் சொல்கிறது. இத்தாலியில் பொலோன்யா நகரத்து தாலியாகோட்சி 1597-ல் தனிப் புத்தகமே போட்டார். அவர் தோல் எடுத்தது கையிலிருந்து! ஒட்டுகிற வரை கையைத் தூக்கி மூக்கோடு சேர்த்துக் கட்டி, நோயாளி அப்படியே வாரக்கணக்கில் கிடக்க வேண்டும்.

ஒரே மூக்கு. கன்னம், நெற்றி, கை என்று மூன்று வழிகள். தழும்பு விழும் இடம் வேறு, அவஸ்தை வேறு, குணமாகும் நாள் வேறு. யார் சரி? மூன்று பேருமே சரிதான். தோலை எங்கிருந்து எடுப்பது, ஒட்டுகிற வரை அதற்கு எப்படி ரத்தம் கொடுப்பது என்ற கேள்விக்கு அவரவர் கை பழகிய பதில்கள் அவை.

கை பழகுவது லேசுப்பட்ட காரியமில்லை. புனே செய்தி அச்சாகி இருபது வருஷம் கழித்து, 1814-ல்தான் லண்டனில் ஜோசப் கார்ப்யூ இதே முறையை உயிருள்ள மனிதரிடம் செய்தார். அதுவரை பிணங்களில் செய்து பார்த்துப் பழகினார். 1816-ல் புத்தகம் எழுதினார், அதில் இருந்தது இரண்டே இரண்டு நோயாளிகளின் கதை. படித்துத் தெரிந்துகொண்டதும் செய்யத் தெரிந்ததும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஃபேஸ்லிஃப்ட் கதை இதைவிடத் தமாஷ். ஏனென்றால், ஆரம்பத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை! பெர்லின் டாக்டர் ஹோலண்டர், போலந்துப் பிரபுக் குடும்பத்துப் பெண் ஒருவருக்கு 1901-ல் செய்ததாகப் பல வருஷம் கழித்துச் சொன்னார். இன்னொரு ஜெர்மானியரான லெக்ஸர், ஒரு நடிகைக்கு 1906-ல் செய்ததை 1931-ல்தான் எழுதினார். அழகுக்காகக் கத்தி எடுப்பது டாக்டர்களுக்குக் கௌரவக் குறைச்சல். செய்துகொண்டவர்களுக்கோ ரகசியம் வெளியே போய்விடுமோ என்று பயம். விளைவு? பொதுவான பாடம் என்று ஒன்று உருவாகவில்லை. ஆளாளுக்குத் தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஆளுக்கொரு வழி என்பது அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

வாயைத் திறந்தவர்களில் முக்கியமானவர் பாரீஸின் சூசான் நோயல். பெண் டாக்டர், பெண்ணுரிமைக்காரர். 1926-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே, அழகு அறுவையின் சமூகப் பங்கு பற்றிய பேச்சு உண்டு. சுருக்கம் விழுந்தால் வேலை போய்விடும் என்று பயந்த பெண்கள் அவரிடம் வந்தார்கள். அவர் செய்தது ரொம்ப எளிமை. மரத்துப்போக ஒரு ஊசி. காதோரமும் முடியோரமும் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தோலை வெட்டி இழுத்துத் தையல். நோயாளி அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்!

கேட்க ஜோராக இருக்கிறது இல்லையா? சிக்கல் என்னவென்றால், தோல் ரப்பர் மாதிரி. இழுத்தால் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும். அதிகமாக இழுத்தால், எதிர்க்காற்றில் பைக் ஓட்டுகிறவர் மாதிரி முகம் விறைத்துக்கொள்ளும். தலையணைக்குள் பஞ்சு ஒரு பக்கமாகச் சரிந்திருக்க, உறையை மட்டும் இழுத்துத் தைத்து என்ன பயன்?

பஞ்சைத் தொட்டவர்கள் பிறகு வந்தார்கள். ஸ்வீடனின் டோர்ட் ஸ்கூக், தோலைத் தனியாகப் பிரிக்காமல் அதன் அடியில் இருக்கும் படலத்தோடு சேர்த்தே தூக்கினார். 1974-ல் அவர் புத்தகம் வந்தது. 1976-ல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் பிணங்களை அறுத்துப் பார்த்து, அந்தப் படலத்தை விவரமாக எழுதினார்கள். தசையும் நாரும் கலந்த மெல்லிய ஜமுக்காளம் மாதிரியான அதற்கு 'ஸ்மாஸ்' என்று பெயர். கன்னம் இறங்குகிறது என்றால் இதுவும் சேர்ந்துதான் இறங்குகிறது. 1990-ல் டல்லாஸ் நகரத்து சாம் ஹாம்ரா இன்னும் ஒரு படி போய், அந்தப் படலத்துக்கும் அடியில் நுழைந்து மொத்தமாகத் தூக்கினார். 'டீப் ப்ளேன்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான்.

அப்படியென்றால் எல்லோரும் ஆழமாகவே போக வேண்டியதுதானே? அங்கேதான் ஆபத்து படுத்திருக்கிறது. காதுக்குக் கீழே கிளம்பி, ஐந்து கிளைகளாக விரிந்து முகத்தில் ஓடுகிறது முக நரம்பு. நீங்கள் சிரிப்பதும் கண்ணை மூடுவதும் அதன் தயவில். முகத்தின் நடுப்பக்கம் போகப் போக, அது ஸ்மாஸுக்குச் சற்று அடியிலேயே ஓடும். பழகிய கைக்கு வழி தெரியும். பழகாத கை அதை வெட்டிவிட்டால், தூக்கிய கன்னத்தில் சிரிப்பு வராது. 'நான் இவ்வளவு ஆழம்தான் போவேன்' என்று ஒரு டாக்டர் சொன்னால், அது அறியாமை என்று நினைக்காதீர்கள். தன் கையின் எல்லை தெரிந்தவராக இருக்கலாம்.

இந்த இடத்தில் கொல்லிமலைக்குத் திரும்பத்தான் வேண்டும். ஏனென்றால், முகத்தில் எங்கே கோளாறு என்று பார்ப்பதில் பேர் வாங்கிய ஒருவர் சின்ன வயதில் வளர்ந்தது அங்கேதான். பால் பிராண்ட். 1914-ல், சாலையே இல்லாத காலத்தில், நடந்தும் டோலியிலும் மலையேறி வந்த ஆங்கில மிஷனரித் தம்பதிக்குப் பிறந்த பிள்ளை. ஒன்பது வயதில் இங்கிலாந்து போனார். டாக்டருக்குப் படிக்கும் முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார்.

விரல் நிமிர்ந்தது. ஆனால் வேலை கிடைக்கவில்லை! நோய் குணமாகிவிட்டது என்று கையில் சர்டிஃபிகேட் இருக்கும். புருவம் உதிர்ந்து மூக்கு அமுங்கிய முகத்தைப் பார்த்ததும் ஊர் ஒதுங்கிவிடும். பிராண்ட் முகத்துக்கு வந்தது அதனால்தான். தலைமுடியோடு கூடிய தோலை நகர்த்திப் புருவம் வைத்தார். மூக்குக்கு? புனே வழியில் நெற்றித் தோலை எடுக்கலாம். ஆனால், தொழுநோயில் மூக்கின் வெளித்தோல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. கெட்டுப்போவது உள்ளே இருக்கும் சவ்வும் குருத்தெலும்பும்தான். நெற்றியைக் கிழிப்பானேன்? உதட்டுக்கு உள்பக்கமாக நுழைந்து, அமுங்கிய தோலை விடுவித்து, உள்ளே புதுத் தோலை ஒட்டி, முட்டுக்கொடுத்து நிமிர்த்தினால் போதும். இங்கிலாந்தின் ஹரால்ட் கில்லீஸ் முன்பே காட்டிய வழி அது. வேலூரில் தொழுநோயாளிகளுக்குக் கை கொடுத்தது. நெற்றியில் தழும்பே கிடையாது.

தொழுநோயில் தடித்து வீங்கிய தோல், மருந்தில் நோய் வடிந்ததும் தளர்ந்து தொங்கும். முப்பது வயதுக்காரர் அறுபது மாதிரி தெரிவார். அவர்களுக்கும் உபரித் தோலை எடுத்து முகத்தை இழுத்துக் கட்டினார்கள். அதுவும் ஃபேஸ்லிஃப்ட்தான்! பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போகாமலிருக்கச் செய்த ஃபேஸ்லிஃப்ட். அங்கே கெட்டது தோல், அதனால் தோலைத் தொட்டார்கள். மூக்கில் கெட்டது உள்பக்கம், அதனால் உள்ளே போனார்கள். கோளாறு எங்கே என்பதுதான் கத்தி எங்கே என்பதைத் தீர்மானிக்கிறது.

சரி, எந்த முறை உசத்தி என்று நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்ததே இல்லையா? பார்த்தார்கள். 1990-களின் நடுவில் அமெரிக்காவில், அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்கள் இரண்டு ஜோடி. நாலு பேருக்கும் நாலு பிரபல சர்ஜன்கள், நாலு விதமான ஃபேஸ்லிஃப்ட். ஹாம்ராவும் அதில் ஒருவர். பத்து வருஷம் கழித்து எடுத்த படங்களையும் சேர்த்து 2009-ல் பிரசுரித்தார்கள். இன்னார்தான் ஜெயித்தார் என்று கோப்பையைத் தூக்கிக் கொடுக்கிற மாதிரி தீர்ப்பு எதுவும் வரவில்லை. நாலு பேரும் தத்தம் முறையில் கை தேர்ந்தவர்கள். அதுதான் விஷயம்.

அப்புறம் குணமாகும் கணக்கு. இதில் பாதி, டாக்டர் கையில் இல்லை. உங்கள் உடம்பில் இருக்கிறது. பிரஷர் உள்ளவர்களுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கட்டும் ஆபத்து அதிகம். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். சிகரெட் பிடிக்கிறவர்களுக்குத் தூக்கிய தோலுக்கு ரத்தம் போதாமல் ஓரம் கருகிவிடலாம். புனேக்காரர் விட்டுவைத்த அந்த வாய்க்கால் விஷயம்தான் இது! ஆழமாகப் போனால் வீக்கம் வடிய நாளாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால், தோலை நெடுந்தூரத்துக்குத் தனியாக உரித்தால் அதுவும் பாடு படுத்தும்.

மீதிப் பாதி, வார்த்தை விளையாட்டு. 'குணமாகிவிடும்' என்றால் என்ன அர்த்தம்? ஒருவருக்கு அது தையல் பிரிக்கும் நாள், ஒரு வாரம், பத்து நாள். இன்னொருவருக்கு ரத்தக்கட்டு மறைந்து ஒரு கல்யாணத்துக்குப் போய் நிற்கும் நாள், இரண்டு மூன்று வாரம். மூன்றாமவருக்கு மரத்துப்போன கன்னத்தில் முழுசாக உணர்ச்சி திரும்பும் நாள், மாசக்கணக்கு. மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. வேறு வேறு முடிவுக் கோட்டை வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

ஆகவே, யாராவது உங்களிடம் இதைப் பற்றி யோசனை கேட்டால், 'எந்த மெத்தட் பெஸ்ட்?' என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லாதீர்கள். மூன்று கேள்வி போதும். என் முகத்தில் கோளாறு தோலிலா, அதற்குக் கீழேயா? நீங்கள் செய்யப்போகும் முறையை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? குணமாகும் என்று எந்த நாளைச் சொல்கிறீர்கள்? பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பால் பிராண்டின் அம்மா ஈவ்லின், மிஷன் ரிட்டயர் ஆகச் சொன்ன பிறகும் கொல்லிமலையை விடவில்லை. மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்தார். வாழ்க்கையின் கடைசி இருபது வருஷம் அம்மா வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். அத்தனை ஆழமான சுருக்கங்களாம் அந்த முகத்தில். ஸ்கூக்கின் புத்தகம் வந்த அதே 1974-ல், தொண்ணூற்றைந்து வயதில் காலமாகி, அந்த மலையிலேயே அடக்கமானார். எத்தனையோ முகங்களைச் சீராக்கிய மகனுக்கு, தான் பார்த்த அழகான முகங்களில் ஒன்று அதுதான்.