கண்டிச் சுவரோவியங்களும் எதல் அம்மையாரும்

கண்டி மாநகருக்கு வடகிழக்கே, மகாவலி கங்கைக்கு அப்பால், அமுனுகமை என்னும் ஊரில் பெரும் பாறையொன்று உண்டு. அப்பாறையைக் குடைந்து அமைத்த விகாரைக்குத் தெகல்தொருவை என்று பெயர். கிடந்த கோலத்தில் புத்தர் பெருமானின் நெடிய திருவுருவம். அதனைச் சூழ்ந்து மேல்விதானத்திலும் சுவர்களிலும் சிவந்த நிலத்தின்மேல் வரிசை வரிசையாகத் தீட்டப்பெற்ற சித்திரங்கள். விதானத்தில் மாரன் படையெடுத்து வருகின்றான். சுவர்களிலே வெசந்தரன் கதையும் சுதசோமன் கதையும் ஒரு காட்சியிலிருந்து மறு காட்சிக்குத் தடையின்றி ஓடிக்கொண்டேயிருக்கின்றன. ஒரே மனிதன் ஒரே வரிசையில் நாலைந்து முறை தோன்றுவான். காலம் நகர்வதை ஓவியன் காட்டும் வழி அது. வெற்றிடம் விட மனமில்லாதவன் போல, உருவங்களுக்கு நடுவே எங்கும் பூக்களைத் தூவி வைத்திருக்கின்றான்.

இத்திருப்பணியைத் தொடங்கியவன் 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். தென்னாட்டு நாயக்கர் மரபில் வந்த இம்மன்னன் பௌத்த சமயத்துக்கு ஆற்றிய தொண்டு சிங்கள மன்னர் பலர் ஆற்றியதினும் மிகுதி என்று சொன்னால் தவறாகாது. அவன் தம்பி இராஜாதி ராஜசிங்கன் காலத்தில், 1786-ஆம் ஆண்டில், பணி நிறைவெய்தியது. தீட்டியவர்களுள் தேவரகம்பொலைச் சில்வத்தென்னை என்னும் துறவியின் பெயரும் நீலகம பட்டபெந்தி என்னும் சித்திரக்காரனின் பெயரும் மரபு வழியே நமக்குக் கிடைத்துள்ளன.

சித்திரக்காரர் கையாண்ட பொருள்கள் எளியவை. வெண்மைக்கு வெண்களிமண், சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்குச் சிங்களத்தில் கொகட்டு எனப்படும் மரத்தின் பிசின், கருமைக்கு விளக்குப் புகை. தூரிகையோ புல்லின் நுனியாலும் அணிலின் மயிராலும் ஆனது. பெரிய பரப்புக்களுக்குத் தாழை வேரை நைத்துக் கட்டிய தூரிகை. காய்ந்த சுண்ணப் பூச்சின்மேல் எழுதிய ஓவியங்கள் இவை. ஈரச் சுவரில் எழுதும் மேனாட்டு முறையன்று. எல்லாம் முடிந்தபின் இறுதியாகப் புத்தரின் திருக்கண்களை எழுதுவர். அப்போது ஓவியன் திருவுருவத்தை நேரே நோக்குவதில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே கண் எழுதுவான். எழுதியபின் அவன் கண்ணைக் கட்டி வெளியே அழைத்துச் செல்வர். அந்த முதற் பார்வைக்கு அத்துணை ஆற்றல் உண்டென்று நம்பினர்.

இக்கலை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. மகளுக்குச் சென்றதாக மரபு ஏதும் கூறவில்லை. நூல் நூற்றலும் தையல் வேலையும் பெண்டிர்க்குரியனவாயின. விகாரைச் சுவர் அவர்கள் கைக்கு எட்டவில்லை. சுவரிலே பெண் இருந்தாள்; சுவருக்கு முன்னே தூரிகையோடு நின்றவள் அல்லள். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை நகரங்கள் பலவற்றிலே இளைஞரும் யுவதிகளும் வாளியும் வண்ணமுமாகத் தெருவுக்கு வந்து மதில்களில் பழைய மன்னரையும் போரையும் மலையையும் மரத்தையும் எழுதினார்கள். எழுதிய பொருளைப் பற்றி அன்று கடும் வாதங்கள் எழுந்தன. அவை ஒருபுறம் நிற்க, பொதுச் சுவரின் முன்னே பெண்கள் தூரிகை பிடித்து நின்றதை யாரும் வியப்பாகப் பேசவில்லை. அந்நிலைக்கு நெடுங்காலம் முன்னே, கண்டிச் சுவர்களின் முன் நின்ற பெண்ணொருத்தி உண்டு. அவர் கையிலிருந்தது தூரிகையன்று, புகைப்படக் கருவி.

எதல் மேரி பார்ட்ரிட்ஜ் 1872-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துப் பார்ன்ஸ்டப்பிள் என்னும் ஊரிற் பிறந்தவர். இசை பயின்று, பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி வாழ்ந்துவந்தார். 1902-ல் அவர் மணந்தது, சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமியை. அடுத்த ஆண்டு இருவரும் இலங்கைக்கு வந்தனர். ஆனந்தர் அப்போது கலைப் புலவர் அல்லர். மண்ணும் கல்லும் ஆராயும் விஞ்ஞானி. இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகப் பணியேற்றுக் கண்டி நாட்டின் காடு மேடெல்லாம் திரிந்தார். துணைவியாரும் உடன் திரிந்தார். கல்லைத் தேடிப் போன இடத்தில் இருவரும் கலையைக் கண்டனர் என்பதே உண்மை.

அவர்கள் கண்டது அழிந்துகொண்டிருந்த கலை. 1815-ல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமானது. அரசன் இல்லையேல் சித்திரக்காரனுக்கு ஆதரவு ஏது? 1832-ல் இராசகாரிய முறை நீக்கப்பட்டது. குடிமக்களைக் கட்டாய ஊழியத்தினின்றும் அது விடுவித்தது, நன்மையே. ஆயினும் நிலம் பெற்று அதற்கீடாகக் கலைத்தொழில் புரிந்துவந்த குடும்பங்களின் அடிப்படை அதனோடு ஆட்டங்கண்டது. நூற்றாண்டின் இறுதியில் கப்பலில் வந்த மலிவான வண்ணங்களால் பழைய ஓவியங்களின்மேல் புதிதாகப் பூசுவதைப் புண்ணியமென்றே பலர் எண்ணினர். பொறுக்கமாட்டாத ஆனந்தர் 1905-ல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதிப் பழைய பணிகளைக் காக்குமாறு வேண்டினார்.

கடிதம் எழுதலாம், ஆனால் அழிகின்ற சுவரைக் கடிதம் தாங்கி நிற்குமோ? அதனைப் பதிந்து வைப்பாரும் வேண்டும். அப்பணியை ஏற்றவர் எதல் அம்மையாரே. அக்காலத்துப் புகைப்படக் கருவி இன்றையது போன்றதன்று. சுமக்கும் பாரம் பெரிது. வெளிச்சமோ குகையினுள் அரிது. கோயில்களையும் மரச்செதுக்கு வேலைகளையும் கம்மியர் தொழில் செய்யுமிடங்களையும் அவர் படமெடுத்தார். அம்மட்டில் நிற்காமல் கைத்தொழில் மாந்தரிடம் அமர்ந்து அவர்கள் செய்முறையைக் கவனித்தார். கண்டி நாட்டுப் பழந்தையலைக் கற்று அதுபற்றி எழுதவுஞ் செய்தார். நூற்பும் நெசவும் இயற்கைச் சாயமும் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது இந்நாட்டிலேதான்.

இதே ஆண்டுகளில் இந்தியாவில் இன்னோர் ஆங்கிலப் பெண்மணி இதற்கிணையான பணியில் இறங்கியிருந்தார் என்பதும் கருதத்தக்கது. கிறிஸ்தியானா ஹெரிங்காம் என்பார் 1906-ல் தொடங்கி, பின் 1909 முதல் 1911 வரை மீண்டும், அஜந்தாக் குகைகளில் இருந்து அச்சுவரோவியங்களைக் கையாலேயே பெயர்த்தெழுதினார். நந்தலால் வசு முதலிய இளம் ஓவியர் அவருக்குத் துணை நின்றனர். ஹெரிங்காம் ஓவியர்; அவருடைய படிகள் 1915-ல் அவர் பெயராலேயே நூலாயின. எதல் அம்மையாருக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

1907-ல் தம்பதியர் இங்கிலாந்துக்குத் திரும்பினர். பிராட் கேம்டன் என்னும் சிற்றூரில், பழைய நார்மன் தேவாலயமொன்றைப் புதுக்கி அமைத்த இல்லத்தில் குடியேறினர். வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியே அங்கு வந்து சேர்ந்தது. பதினைந்து மாதம் அச்சிட்டு 1908-ல் வெளியான நூலே ‘இடைக்காலச் சிங்களக் கலை’. படிகள் 425 மாத்திரம். தெகல்தொருவையும் அதன் ஓவியரும் உலகறியப் பேசப்பட்டது இந்நூலால் என்றால் மிகையன்று. அதிலுள்ள புகைப்படங்களுட் பல எதல் அம்மையார் எடுத்தவை. தலைப்பு ஏட்டிலோ கணவர் பெயர் மட்டுமே காணும். அக்கால வழக்கம் அது என்று சமாதானம் சொல்லலாம். சொன்னாலும் மனம் முழுதும் ஒப்புவதில்லை.

சில ஆண்டுகளில் அவ்விருவர் மணவாழ்வும் முறிந்தது. ஆனந்தர் கலை உலகில் பெரும் புகழெய்திய வரலாறு தமிழுலகம் அறிந்ததே. அம்மையார் வேறு வழி நடந்தார். 1913-ல் பிலிப் மெய்ரே என்பாரை மணந்து, எதல் மெய்ரே ஆனார். தாவரச் சாயங்கள் பற்றி 1916-ல் நூல் வெளியிட்டார். சசெக்ஸ் மாவட்டத்து டிச்லிங் என்னும் ஊரில் நெசவுக்கூடம் அமைத்துப் பல நாட்டு மாணவரைப் பயிற்றினார். கையால் நூற்று, வேரிலும் பட்டையிலும் சாயம் எடுத்து நெய்யும் கலை இங்கிலாந்தில் மறுபடி தலையெடுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1937-ல் தொழிற்கலை வடிவமைப்பாளருக்குரிய அரச விருது அவருக்குக் கிடைத்தது. அதனைப் பெற்ற முதற் பெண் அவரே. கண்டிக் கிராமத்துத் தறியருகே தொடங்கிய பயிற்சி அங்கே கொண்டுபோய் விட்டது.

அவர் டிச்லிங்கில் தறி மூட்டிய காலத்தை அடுத்துக் கண்டியில் சுவரோவியம் வேறொரு வடிவில் உயிர்த்தெழுந்தது. திரித்துவக் கல்லூரித் தேவாலயத்தின் சுவர்களில் டேவிட் பெயின்டர் என்னும் ஓவியர் கிறிஸ்துவின் சரிதத்தை இலங்கை மாந்தர் முகத்தோடும் இலங்கைக் காட்சிகளோடும் தீட்டினார்.

எதல் அம்மையார் 1952-ல் காலமானார். நான்காண்டுகளின் பின், 1956-ல், ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நியூயார்க்கில் இரண்டாம் பதிப்பாக வெளிவந்தது. ஆசிரியர் பெயர் முன்போல் ஒன்றே.