அடங்காப்பிடாரிகளின் பள்ளிக்கூடம்

பெண்ணொருத்தி பெரியோர் சொற்கேளாது தன் மனம்போல் நடப்பாளாயின் அவளை அடங்காப்பிடாரி என்று ஏசுவது நம்மவர் வழக்கம். அவ்வாறே நடக்கும் ஆண்பிள்ளைக்கோ துடுக்குக்காரன் என்ற செல்லப் பெயர் கிடைக்கிறது. இவ்வோரவஞ்சனை நமக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட வேண்டா. நாகரிகத்தில் முதிர்ந்ததெனப் பெயர்பெற்ற இங்கிலாந்திலும், பெண்கள் விடுதிப் பள்ளி என்றால் அடக்கவொடுக்கமும் விருந்தினர் முன் பேசும் மரியாதையும் பயிற்றுமிடம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. அக்கருத்தை எள்ளி நகையாடிய பேசும்படத் தொடர் ஒன்று உண்டு. செயிண்ட் டிரினியன்ஸ் என்பது அதன் பெயர். அதன் வரலாறு சிங்கப்பூரையும் தொட்டுச் செல்வதால், அதனை நம் வாசகர் அறிதல் நலம்.

1922-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் மிஸ் ஃபிரேஸர் லீ என்னும் அம்மையார் பெண்களுக்கென ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். செயிண்ட் டிரின்னியன்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார். டால்ட்டன் முறை என்ற புதிய கல்வி முறையை அவர் அங்கே கையாண்டார். செய்து முடிக்கவேண்டிய பாடங்களை மாணவியிடம் ஒப்படைத்துவிட்டு, எதனை எப்போது படிப்பது என்பதை அவள் பொறுப்பிலேயே விடுவது அம்முறையின் சாரம். தண்டனைக்கு அஞ்சி வரும் ஒழுங்கைவிடத் தானே தன்னை ஆளும் ஒழுங்கு மேலானது என்பது அவ்வம்மையார் கொள்கை. ஆயினும் ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அங்கே பெண்கள் நினைத்தபடி நடக்கலாமாம் என்ற பேச்சு எழுந்தது. பெண்ணை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் அவள் கெட்டழிவாள் என்ற பழைய அச்சமே அப்பேச்சுக்கு வேர் என்பதில் ஐயமில்லை.

1941-இல் ரொனால்டு ஸெர்ல் என்னும் இளஞ்சித்திரக்காரர் ராணுவச் சேவையில் ஸ்காட்லாந்தின் கிர்குட்பிரி என்ற ஊரில் தங்கியிருந்தார். கேம்பிரிட்ஜில் 1920-இல் பிறந்தவர் அவர். அவ்வூரில் அவருக்கு அறிமுகமான குடும்பத்துச் சிறுமியர் இருவர் அப்பள்ளி மாணவியராவர். அவர்களை மகிழ்விக்க ஒரு வேடிக்கைச் சித்திரம் வரைந்தார். பள்ளியின் பெயரைச் சிறிது மாற்றிக்கொண்டார். உலக நிலைமையை முன்னிட்டு டிரினியன்ஸ் பள்ளியுடன் நடக்கவிருந்த பந்தயம் ஒத்திவைக்கப்பட்டது என்ற அறிவிப்பை மாணவியர் நின்று பார்ப்பதே அச்சித்திரம். அவ்வாண்டு அக்டோபரில் அது லில்லிபுட் என்ற சஞ்சிகையில் வெளியாயிற்று.

உலக நிலைமை சித்திரக்காரரையும் விடவில்லை. 1942 ஜனவரியில் அவருடைய படைப்பிரிவு சிங்கப்பூரில் வந்திறங்கியது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஸெர்ல் சாங்கியில் கைதியானார். பின்னர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. அக்கொடுமைக்கு நடுவே ஸெர்ல் கிடைத்த தாளிலெல்லாம் கைதிகளின் பட்டினியையும் காவலரின் அடியையும் வரைந்தார். அகப்பட்டால் உயிர் போகும். ஆதலால் காவலர் நெருங்க அஞ்சும் காலரா நோயாளிகளின் படுக்கைக்கடியில் அவற்றை மறைத்துவைத்தார். அவ்வாறு தப்பிய சித்திரங்கள் சுமார் முந்நூறு. அவை பிற்காலத்தில் லண்டன் யுத்தக் காட்சிசாலையைச் சேர்ந்தன.

1945-இல் விடுதலை பெற்றுத் தாய்நாடு திரும்பியவர் டிரினியன்ஸ் சித்திரங்களை மீண்டும் தொடங்கினார். இப்போதைய மாணவியர் பழைய குறும்புக்காரச் சிறுமியர் அல்லர். கையில் மதுப் புட்டியும் வெடிமருந்தும் கோடரியும் ஏந்தி, தோழியரையே வதைக்கத் துணிந்தவர்கள். சிறைமுகாமின் நிழல் அச்சித்திரங்களில் படிந்திருப்பதாகக் கருதுவோர் பலர். நேரில் கண்ட கொடுமையை ஒரு குழந்தையின் கையில் கொடுத்து, அதைப் பார்த்துச் சிரிக்கவும் ஒருவருக்கு முடிந்ததெனில், அச்சிரிப்பின் விலை சிறிதன்று. விந்தை யாதெனில், அவர் கைதியாயிருந்த காலமெல்லாம் நடந்துவந்த உண்மைப் பள்ளி 1946-இல் மூடப்பட்டது. அதன் நிழலோ உலகப் புகழ் பெற்றது. ஸெர்லுக்கே அது சலித்துவிட்டது. 1953-இல் வந்த நூலோடு அப்பள்ளியை அணுகுண்டால் அழித்துக் கதையை முடித்தார்.

அழித்த பள்ளியை மறு ஆண்டே படக்காரர் எழுப்பினர். 1954-இல் ஃபிராங்க் லாண்டர், சிட்னி கில்லியட் என்ற இருவர் முதற்படத்தை வெளியிட்டனர். தலைமையாசிரியை மிஸ் ஃபிரிட்டனாக அலஸ்டர் சிம் என்ற ஆண் நடிகரே வேடம் புனைந்தார். அவர் பள்ளியில் ரசாயன வகுப்பில் மாணவியர் ஜின் காய்ச்சுகின்றனர், குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகின்றனர். கல்வி இலாகா அனுப்பிய அதிகாரிகள் திரும்பி வருவதேயில்லை. 1957, 1960, 1966, 1980 ஆகிய ஆண்டுகளிலும் படங்கள் தொடர்ந்தன. 1980-ஆம் ஆண்டுப் படத்தில் மாணவியர் தொழிற்சங்கம் அமைத்து வேலைநிறுத்தமே செய்கின்றனர்! 2007-லும் 2009-லும் புதிய நடிகையருடன் இரு படங்கள் வந்தன. அவற்றிலும் ரூபர்ட் எவரெட் என்ற ஆண் நடிகரே தலைமையாசிரியை ஆனார்.

இப்படங்களில் குறையில்லை என்று நாம் கூறோம். மூத்த மாணவியரை ஆடவர் கண்ணுக்கு விருந்தாகவே நிறுத்திய காட்சிகள் பல. பெண்ணின் விடுதலையைப் பேச வந்த இடத்திலும் அவள் உடலை விலைப்படுத்துவது பழைய அடிமைத்தனத்தின் மறுவடிவமேயாகும். பெண்களின் பள்ளியை ஆள ஓர் ஆண் புடவைகட்டி வரவேண்டியதாயிற்றே என்றும் கேட்கலாம்.

எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கதைகளில் யாரைக் கண்டு நாம் சிரிக்கிறோம்? அமைச்சர், பள்ளிப் பரிசோதகர், போலீசார், பட்டாளத்தார் என அதிகாரம் படைத்தோரே இச்சிறுமியரிடம் தோற்று ஓடுகின்றனர். மற்றப் பள்ளிகள் பெண்ணை உலகத்திற்கு ஏற்றவளாக்க முயலும். மிஸ் ஃபிரிட்டன் அம்மையாரோ, தம் மாணவியரை எதிர்கொள்ள உலகமே ஆயத்தமாகட்டும் என்று எண்ணுகிறவர். எடின்பரோ ஊரார் எதனைக் கண்டு அஞ்சினரோ, அதனையே பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டி, அவ்வச்சம் எவ்வளவு நகைப்பிற்கிடமானது என்று படங்கள் உணர்த்திவிட்டன.

உண்மைப் பள்ளி மாணவியர் ஜின் காய்ச்சவில்லை, எவரையும் வதைக்கவுமில்லை. தம் பாடத்தைத் தாமே பொறுப்பேற்றுப் படித்தனர். அவ்வளவே அவர்கள் செய்த கலகம். படிப்பும் பொறுப்பும் கேட்கும் பெண்ணை அடங்காப்பிடாரி என்று ஏசுவோர் எங்கிருப்பினும், அவர்கள் இச்சிறுமியரை ஒருமுறை பார்த்துச் சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின், தாம் இதுகாறும் அஞ்சியது எதற்கு என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.