பட்டை காயாத காலை

ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் அதில் கத்தி வைக்கக் கூடாது. பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த லகாட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த நான் முதலில் தெரிந்துகொண்ட விடுமுறை விதி இதுதான். தீபாவளியும் தைப்பூசமும் நாள்காட்டி பார்த்து வந்தன. சொல்லாமல் கொள்ளாமல் வந்தது மழை விடுமுறை மட்டும்தான். குளிர் நாடுகளில் இரவோடு இரவாகப் பனி கொட்டிப் பள்ளிக்கூடத்தைச் சாத்திவிடுவார்களாம். எங்கள் தொழிலாளர் லயத்தில் விடியற்கால மழை பள்ளிக்கூடத்தை அல்ல, பால்வெட்டைச் சாத்தியது.

அதுவும் அடிக்கடி கிடைக்காது. எங்கள் கிந்தா பள்ளத்தாக்கில் வானம் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் இருட்டும். மாலையில் இடியோடு கொட்டி, விடிவதற்குள் பட்டை உலர்ந்துவிடும். நடுச்சாமத்தில் தொடங்கி விடாமல் பெய்தால்தான் எங்களுக்கு யோகம். தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் அடிக்கும் ‘சுமத்ரா’ காற்றுமழை எப்போதாவது எங்கள் பக்கமும் எட்டிப் பார்க்கும். இதே மழை ஈயக்காரர்களுக்கு வேறு மாதிரி. லம்பம் எனும் ஈயச் சுரங்கத்தில் மண்ணைக் கரைக்கத் தண்ணீர் வேண்டும். தூலாங் தட்டு வைத்து ஆற்றில் ஈயம் அலசும் சீனப் பெண்கள் மழை விட்டதுமே இறங்கிவிடுவார்கள்.

ரப்பருக்கு ஏன் இத்தனை செல்லம்? 1877இல் கோலாகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர்க் கதை தொடங்குகிறது. மரத்தைக் கொல்லாமல், பழைய வெட்டின் விளிம்பையே மெல்லியதாகச் சீவிச் சீவிப் பால் எடுக்கலாம் என்று 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி நிரூபித்தார். அந்தச் சீவலில்தான் மழையின் அதிகாரம் இருக்கிறது. பால் சாய்ந்த கோட்டின் வழியே ஓடி மங்கு எனும் கோப்பையில் விழ வேண்டும். பட்டை நனைந்திருந்தால் கோட்டை மீறி மரமெல்லாம் வழியும். மங்கில் மழைத்தண்ணீர் சேர்ந்தாலோ அன்றைய பால் பால் இல்லை. ஈரக் காயத்தில் நோய் பிடித்துக் கறுப்புக் கோடுகள் விழும். அந்தப் பட்டை மறுபடி வெட்டுக்கு வர ஆண்டுகள் பிடிக்கும். காத்திருந்து பத்து மணிக்கு வெட்டலாமே என்றால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் சுருங்கிவிடும்.

அம்மா நாலரைக்கே எழுந்துவிடுவார். கூரைத் தகரத்தில் சத்தம் கேட்டாலும் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பேர் பதியும் பெரட்டுக்குக் கிளம்பத்தான் வேண்டும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பக்கத்து நிரையில் ஒரு மரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கையைக் கைலியில் துடைத்தால் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிடும். அம்மா கணக்கு எழுதும் கிராணியிடம் முறையிடுவார்.

“கிராணி ஐயா, இந்த மாசம் இதோட ரெண்டு நாளாச்சு. கடைக்காரனுக்கு என்னத்தச் சொல்றது?”

“மழையை நானாம்மா வரச் சொன்னேன்? வீட்டுக்குப் போங்க.”

அம்மா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவார். எங்களுக்கோ தலைகால் புரியாது. பள்ளிக்கூடம் என்னவோ உண்டுதான். ஆனால் அன்று ஆறிப்போன சோற்றைத் தின்றுவிட்டு ஓட வேண்டாம். சுடச்சுடத் தோசையோடு பசியாறலாம். தம்பியை ஆயாக்கொட்டகையில் விட வேண்டியதில்லை. அம்மா திண்ணையில் உட்கார்ந்து கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருப்பார். நுனி வளைவுக்குத் தனியாக ஒரு சின்னக் கல். மழை விட்டதும் பெண்கள் கூடையோடு பழைய மரக்கட்டைகளைத் தேடிப் போவார்கள். இரண்டாம் நாள் விரியும் காளானுக்கு இன்றே இடம் பார்த்து வைப்பது! அந்தக் காளான் குழம்புக்கு ஈடாக ஈப்போவில் எந்தக் கடையிலும் நான் இன்னும் சாப்பிட்டதில்லை.

பெரியவர்களின் கவலைக்குக் காரணம் நாள்கூலி. செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் பேர் விழாத நாளுக்குக் காசு விழாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தோட்ட முதலாளி மாதம் 24 நாள் வேலை தர வேண்டும், தர முடியாவிட்டால் அந்த நாளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் தொழிலாளி வேலைக்குத் தயாராக இருந்திருக்க வேண்டும். கொட்டும் மழையிலும் அம்மா பெரட்டில் முகம் காட்டியது வெறும் பயத்தால் அல்ல, அது கணக்கு. முப்பது நாள் மாதத்தில் ஞாயிறு நான்கு போனால் 26. இரண்டு நாள் மழை எங்கள் தலையில். மூன்றாவது நாள் துரை தலையில். சட்டப்படி அப்படித்தான். நடப்பில், மூன்றாவது நாள் பட்டை காயாவிட்டால் கையில் புல்வெட்டும் கத்தியைக் கொடுத்துவிடுவார்கள்.

பிறகு வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டி மழையைத் திருப்பிவிடும் வழி வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் செம்பனை. அதன் குலைக்குப் பட்டையும் இல்லை, கோடும் இல்லை. தூறலில் நனைந்துகொண்டே அறுக்கலாம். ரப்பர் போன தோட்டங்களில் மழை விடுமுறையும் போயிற்று. 2013இல் தீபகற்பத்துக்கு மாதம் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது, மழையை எண்ணியே வாழ்ந்த தலைமுறை பால் வெட்டுவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

தோட்ட வரலாறு எழுதுகிறவர்கள் கங்காணியையும் கள்ளுக்கடையையும் விடாமல் எழுதுகிறார்கள், மழை நாளை எழுதுவதில்லை. அது செக்ரோலில்தான் இருக்கிறது: எந்த நாள் பேர் விழுந்தது, எந்த நாள் விழவில்லை என்று ஆளுக்கு ஆள். உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா பாட்டியின் பழைய சம்பளச் சீட்டோ செக்ரோல் தாளோ கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.