செஞ்சி மலை எரிமலையா?

நண்பர்களே, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? செஞ்சியை நெருங்கும்போது பெரிய பெரிய உருண்டைப் பாறைகள், யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியது போல மலை மலையாகக் குவிந்து கிடக்கும். "இதெல்லாம் ஒரு காலத்தில் எரிமலை கக்கிய கல்" என்று சிலர் சொல்வதுண்டு.

அது உண்மையல்ல. இது கிரானைட். கிரானைட்டும் நெருப்புக் குழம்பிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அந்தக் குழம்பு வெளியே வரவே இல்லை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்திலேயே மெல்ல ஆறி இறுகிவிட்டது. இது நடந்து சுமார் 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன! பிறகு மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போய் பாறை வெளியே தெரிந்தது. பாரம் குறைந்ததும் விரிசல் விட்டது. விரிசலில் மழைநீர் இறங்கி மூலைகளை அரித்ததால் பாறைகள் உருண்டையாயின.

இந்தப் பாறைப் பிளவுகள் கோட்டைக்கே அரணாக அமைந்தன. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. உச்சிக்குச் சற்று முன்பு 24 அடி அகலம், 60 அடி ஆழத்துக்குப் பாறை பிளந்து கிடக்கிறது. அதன்மேல் போட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான். 1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். பின்னர் அவர் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது முகலாயப் படை முற்றுகையிட்டது. 1690-ல் தொடங்கிய முற்றுகை முடிந்தது 1698-ல்தான். ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார்.

சரி, எரிமலை இல்லை. அப்படியென்றால் பூகம்பமும் வராதா? இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறோம்.

கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் என்ற பனி மூடிய எரிமலை இருக்கிறது. நெடுங்காலம் பெரிய ஆபத்தில்லாமல் இருந்த அந்த மலை 1984-ல் அதிரத் தொடங்கியது. 1985 நவம்பர் 13 அன்று வெடித்தது. பனி உருகி, சேற்று வெள்ளமாகப் பாய்ந்து 20,000 பேருக்கு மேல் பலிகொண்டது. அங்கே மலை ஒரு வருடம் முன்பே எச்சரித்தது. கேட்டு நடக்கத்தான் தவறிவிட்டார்கள்.

நம் ஊரில் அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது. 2001 செப்டம்பர் 25 இரவு, புதுச்சேரிக்கு அருகே கடலுக்கடியில் 5.5 அளவில் நிலம் அதிர்ந்தது. சென்னையிலும் மக்கள் பயந்துபோய்த் தெருவுக்கு ஓடி வந்தார்கள். காரணம் எரிமலை அல்ல. பூமித் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும் அழுத்தம் பழைய பாறைப் பிளவுகளில் சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் சட்டென்று விடுபடுகிறது. அடுத்த ஆண்டே, 2002-ல், இந்தியத் தர நிர்ணய அமைப்பு சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது.

புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் இடையே 70 கிலோமீட்டர் தூரம்தான். 250 கோடி வருடம் பார்த்த பாறை எதையும் தாங்கும். நாம் செங்கல்லில் கட்டும் வீடு தாங்குமா? மலையில் நெருப்பில்லை என்பதற்காக வீட்டை எப்படி வேண்டுமானாலும் கட்டலாம் என்று அர்த்தமில்லை. கொஞ்சம் யோசியுங்கள் நண்பர்களே!