கிணற்று நீரும் வெள்ளித் துணிக்கையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை செம்மண்ணூடும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடும் இறங்கி நிலக்கீழ் நீராகின்றது. முன்னர் துலாவாலும் பின்னர் இயந்திரத்தாலும் இறைக்கப்பட்ட அந்நீரே எம் தோட்டங்களையும் குடங்களையும் நிறைத்து வந்துள்ளது. மழைக்கு வழிவிடும் அவ்வெடிப்புகள் தோட்டத்தில் இட்ட நஞ்சுக்கும் வழிவிடும். ஆதலின் பூச்சிநாசினிகளின் வரலாறு எமக்குப் புறம்பானதன்று.

டி.டி.ரி.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த போல் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. 1934–35இல் மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொடுத்த இலங்கையில், அம்மருந்து தெளிக்கப்பட்ட பின் 1963இல் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. அந்நன்மையை மறத்தல் தகாது. ஆயினும் அதிலுள்ள காபன்–குளோரீன் பிணைப்பு எளிதிற் சிதையாது. மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் நெடுங்காலம் தங்கும். 1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு குடாநாட்டு மிளகாய், வெங்காயச் செய்கைக்குப் பெருவாழ்வளித்தது. உரமும் நாசினியும் தோட்டங்களிற் பெருகின. இலங்கையில் 1998இல் தடைசெய்யப்பட்ட எண்டோசல்பானும் குளோரீன் கொண்ட சேர்வையே.

இப்பிணைப்பை உடைப்பது எங்ஙனம்? 1997இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழக ஆய்வாளர் இரும்பு நனோத் துணிக்கைகளால் குளோரீன் சேர்வைகளைச் சிதைத்துக் காட்டினர். 2003இல் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரி. பிரதீப்பும் ஸ்ரீகுமாரன் நாயரும் வெள்ளி, பொன் துணிக்கைகளைக் கொண்டு காபன் நாற்குளோரைட்டு முதலியவற்றை அறை வெப்பநிலையிலேயே சிதைத்தனர். குளோரீன் உலோகத்தோடு கூடிக் குளோரைட்டாகும். காபன் கரியாக எஞ்சும். மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திலொரு பங்கே நனோமீற்றர். துணிக்கை அத்துணைச் சிறிதாகும்போது மேற்பரப்பு மிகப் பெருகுவதே இவ்வாற்றலின் காரணம். அவ்வாய்வு வழியே, நாசினி நீக்கும் வீட்டு வடிகட்டி 2007இல் இந்தியச் சந்தைக்கு வந்தது.

எனினும் வடிகட்டி குடத்து நீரையே தூய்மையாக்கும், கிணற்றையன்று. வெள்ளியும் வினையிற் செலவாகும். உரத்தினால் எம் கிணறுகளிற் சேரும் நைத்திரேற்றை அது நீக்காது. எமது செம்மண்ணிலும் இரும்புண்டே எனலாம்; அது முன்னரே துருவாகி, ஈயத்தக்க இலத்திரன்களை இழந்துவிட்டது.

ஒரு தலைமுறையின் மருந்து மறுதலைமுறையின் நஞ்சாயிற்று என்பதே இவ்வரலாறு காட்டுவது. நிலக்கீழ் நீரையே பெரிதும் நம்பும் எமக்கு வெள்ளித் துணிக்கை துணையாகலாம். ஆயினும் தோட்டத்தில் இடும் நாசினியையும் உரத்தையும் அளவறிந்து இடுவதே முதற்கடன்.