தரகருக்கு எதற்கு லைசென்ஸ்?

போன வாரம் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு கம்பெனியில் இருந்தவன். இப்போது அதை விட்டுவிட்டு ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆகப் போகிறானாம். "அப்புச்சி, அதுக்கு லைசென்ஸ் எடுக்கணும்ங்கறாங்க, உங்களுக்குத் தெரியுமா?" என்றான். சிரிப்பு வந்துவிட்டது. நாமகிரிப்பேட்டையில் தரகுக்கு லைசென்ஸா? அப்புறம் யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டது சரிதான். அந்த லைசென்ஸ் இல்லாத காலத்தில் நானே பட்டிருக்கிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது நிலம் விற்கும் தரகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. மஞ்சள் தரகு பார்ப்பவர், மாட்டுத் தரகு பார்ப்பவர், பெண் மாப்பிள்ளை பார்த்துக் கொடுப்பவர், இவர்களில் ஒருவர்தான் காட்டுக்கும் விலை பேசி முடிப்பார். புதன்சந்தை மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. எங்கள் அப்பாரு காலத்தில் நிலத்துக்கும் ஏறக்குறைய அப்படித்தான். திண்ணையில் பேச்சு முடியும், வெற்றிலை பாக்கில் வைத்து அச்சாரம் கை மாறும். நூற்றுக்கு ரெண்டு தரகு. தரகர் ஏமாற்றினால்? ஊரில் தலைகாட்ட முடியாது. அந்தப் பயம்தான் அவருக்கு லைசென்ஸ்.

சட்டம் அப்போதும் இருந்தது. 1882-ன் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்றால் பத்திரம் பதிந்தாக வேண்டும். 1908-ல் பதிவுச் சட்டம். பதிவு அலுவலகத்துக்குப் போனால் யாரெல்லாம் பத்திரத்தில் இருப்பார்கள்? எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், இரண்டு சாட்சி, அடியில் பத்திர எழுத்தர். பத்திர எழுத்தருக்குத் தமிழ்நாட்டில் 1982-ல் தனி உரிம விதிகளே வந்துவிட்டன. பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள், எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் உரிமம் எண் இருக்கும். இந்த வியாபாரத்தையே ஆரம்பித்து வைத்த தரகரின் பெயர் மட்டும் எங்கும் இருக்காது. சில சமயம் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலம் நடக்கிறது. விரலி, உருண்டை, பனங்காளி என்று தரம் பிரித்து ஏலம் விடுகிறார்கள். விளைபொருளை வாங்கி விற்பவருக்கு உரிமம் என்பது சென்னை மாகாணத்தில் 1933-லேயே, வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டத்திலேயே வந்துவிட்டது. அதன்படி முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936-ல் திருப்பூரில், பருத்திக்காக. விளைந்ததை விற்க 1933-ல் சட்டம். அது விளைந்த மண்ணை விற்றுக் கொடுப்பவருக்குச் சட்டம் வர இன்னும் 83 வருடம் ஆயிற்று.

அந்த இடைவெளியில்தான் நான் மாட்டினேன். 1995-ல், நான் வாத்தியார் வேலையில் இருந்தபோது, ஒரு கரும்புக் காட்டை மனையாகப் பிரித்தார்கள். சுண்ணாம்புக் கோடு, நட்ட கல், கலர் கொடி. கொண்டுவந்து காட்டிய தரகர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். "வாத்தியாரே, பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குதுங்க" என்றார். வீட்டுக்காரியின் காசு மாலையை அடகு வைத்து ஒரு மனை வாங்கினேன். பத்திரமும் பதிந்தாயிற்று. நகர் ஊரமைப்புத் துறை அனுமதி என்று ஒன்று வேண்டும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனைக்கும் அந்த நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லிருந்தே இருக்கிறது.

2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று தடை போட்டது. அந்த வருடக் கடைசியில் வீட்டுக்காரிக்கு இருதய ஆபரேஷன். மனையை விற்றுக் கட்டலாம் என்று இருந்தேன். வாங்க ஆள் இருந்தது, விலையும் பேசியாயிற்று, பதிய முடியவில்லை. பென்ஷன்காரன் அறுபத்தைந்து வயதுக்கு மேல் மூன்று இடத்தில் கைமாற்று வாங்கினேன். தரகர் வீட்டுக்குப் போனால் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது, இறந்து நாலு வருடம். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல, இன்றும் சொல்வேன். ஆனால் அவர் சொன்ன சொல்லுக்கு எங்கும் ஒரு பதிவும் இல்லை, போய்க் கேட்க ஒரு இடமும் இல்லை. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உண்டான மனைகளுக்கு வழி பிறந்தது. பணம் கட்டி வரன்முறை செய்து விற்றபோது அடுத்த வருடம் பாதி ஓடியிருந்தது. வட்டி போக மிஞ்சியது கொஞ்சம்.

மத்திய அரசின் ரியல் எஸ்டேட் சட்டம், ரெரா என்கிறார்களே, அது 2016 மார்ச்சில் நிறைவேறி 2017 மே 1 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு விதிகள் அதே ஜூனில். ஐநூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, எட்டுக்கு மேற்பட்ட அடுக்கு வீடுகள், இவற்றைப் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. அவற்றை விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டும் பதிவு செய்ய வேண்டும். தரகர், புரோக்கர், இடைத்தரகர், என்ன பெயரில் அழைத்தாலும் அவர் ஏஜென்ட்தான் என்று சட்டமே சொல்கிறது.

பேரனுக்காக இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். பரீட்சை இல்லை என்றதும் அவன் முகம் மலர்ந்தது. பான் கார்டு, முகவரிச் சான்று, போட்டோ, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, கட்டணம். சென்னை எழும்பூரில் இருக்கும் ஆணையத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எண் கிடைத்தால் ஐந்து வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைப் போட வேண்டும், கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், பதிவில்லாத மனைப்பிரிவைத் தொடக் கூடாது. பதியாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சொத்து மதிப்பில் ஐந்து சதவீதம் வரை ஏறும்.

பரீட்சை இல்லாதது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, வாத்தியார் புத்தி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1917-லேயே தரகர் உரிமச் சட்டம் போட்டிருக்கிறது. நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் சிங்கப்பூரில் 2010-ல் இதற்கென்று தனி மன்றமே வைத்துவிட்டார்கள், பரீட்சை எழுதித் தேறினால்தான் ஏஜென்ட். மகாராஷ்டிரத்தில் 2023 முதல் பயிற்சியும் பரீட்சையும் உண்டு. 1995-ல் எங்கள் தரகர் அப்படி ஒரு பரீட்சை எழுதியிருந்தால் ஊரமைப்பு அனுமதி என்ற சொல்லாவது அவர் காதில் விழுந்திருக்கும்.

சட்டத்தில் ஒரு பெரிய சந்து இருக்கிறது. பதிவு வேண்டியது மனைப்பிரிவுக்கும் அடுக்கு வீட்டுக்கும்தான். ஒரு விவசாயி தன் தோட்டத்தை இன்னொரு விவசாயிக்கு விற்றால், பழைய வீடு கை மாறினால், நடுவில் நிற்பவருக்கு இன்றும் எந்த எண்ணும் தேவையில்லை. நம் ஊர்ப் பக்கம் இன்னும் காடும் தோட்டமும்தான் நிறையக் கை மாறுகிறது. அப்படியானால் இங்கே பாதி வியாபாரத்துக்கு மேல் அப்பாரு காலத்துத் திண்ணையிலேயேதான் நிற்கிறது. திண்ணையைத்தான் இடித்துவிட்டோம்.

இதைப் பேரனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப ஆயில்பட்டி ரோட்டுல ஒரு மஞ்சக் காடு விலைக்கு வருதாம். அதுக்கு நம்பர் வேண்டாம்தானுங்க அப்புச்சி?"

"வேண்டாம்தான் சாமி. முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"மொதல்ல அதப் போடு. பத்திரத்துல சாட்சிக் கையெழுத்தும் நீயே போடு."